ஒரே மொழிக்காரருக்கு நான் மொழிபெயர்ப்பாளன்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. காசாவில் இந்தக் கடைசிப் போர் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலம். நான் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் பயணிகள் பெரும்பாலும் நோயாளிகள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவதும்தான் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவன். பல வேலை பார்த்துக் கடைசியில் இதில் நின்றுவிட்டேன். எனக்குப் பிடித்த வேலை. காரில் ஏறுகிறவர்கள் வீட்டில் சொல்லாததையும் என்னிடம் சொல்வார்கள்.

அந்த வருடம் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எனக்கு நிரந்தரமாக இரண்டு பயணிகள். இரண்டு பேருக்கும் சிறுநீரகம் பழுது. காலையில் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, மத்தியானம் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டியிருக்கும். இருவரும் பாலஸ்தீனர். ஒருவர் காசாவிலிருந்து வந்தவர். மற்றவர் மேற்குக் கரையில் ஹெப்ரோன் என்ற ஊர்க்காரர். பெயர் வேண்டாம், காசாக்காரர், ஹெப்ரோன்காரர் என்றே சொல்கிறேன்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம். நோயும் ஒன்று, மொழியும் ஒன்று, வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். காசாக்காரர் முன் இருக்கையில் ஏறினார். ஹெப்ரோன்காரர் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கொஞ்ச தூரம் போனதும் காசாக்காரர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். ஹெப்ரோன்காரர் என்னிடம் ஜெர்மனில் சொன்னார், "கண்ணாடியைப் பூட்டச் சொல்லு அவருக்கு. பின்னால குளிருது."

நான் திரும்பிப் பார்த்தேன். சொல்லப்பட வேண்டியவர் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது. இருந்தாலும் சொன்னேன்.

காசாக்காரர் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மூச்சு முட்டுது எண்டு சொல்லு," என்றார். அவருடைய ஜெர்மன் மற்றவருடையதைவிட மோசம்.

இப்படியே மாதக்கணக்காகப் போனது. அரபி பேசும் இரண்டு பேருக்கு நடுவில், அரபியில் ஒரு சொல்லும் தெரியாத நான் மொழிபெயர்ப்பாளன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவை உங்களுக்குச் சம்பளம் கூட்டித் தர வேணும் அப்பா," என்றாள். இரண்டு பேருமே தனித்தனியாக எங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணி வேறு கார் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அந்த நேரத்தில் வேறு கார் இல்லை.

ஆனால் தனித்தனியாக இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். ஹெப்ரோன்காரர் நோன்பு முடிந்த பெருநாளுக்கு என் பிள்ளைகளுக்கு இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். காசாக்காரர் என் இடுப்பு வலிக்கு ஒரு எண்ணெய் கொடுத்து, பூசினேனா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பார். ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் மனம் விட்டுக் கதைப்பார். அப்படித்தான் விஷயம் எனக்குத் தெரிய வந்தது.

2007-இல் அவர்களுடைய இரண்டு பெரிய கட்சிகளும் காசாவில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதன் பிறகு காசாவை ஒரு கட்சி ஆண்டது. மேற்குக் கரையில் ரமல்லா என்ற நகரத்திலிருந்து மற்றக் கட்சி ஆண்டது. நாடு இன்னும் முழுதாகக் கைக்கு வராத சனத்துக்கு இரண்டு அரசாங்கம். காசாக்காரர் அப்போது காசாவில் போலீஸ்காரராக இருந்தவர், ரமல்லாக் கட்சியின் ஆள். சண்டை நடந்த அந்த வாரத்தில் மற்றக் கட்சிக்காரர் அவருடைய தம்பியின் இரண்டு முழங்காலிலும் சுட்டார்கள். இவர் குடும்பத்தோடு எகிப்துப் பக்கமாகத் தப்பி வந்தவர்.

ஹெப்ரோன்காரருக்கு ரமல்லா அரசாங்கத்தின் பெயரைச் சொன்னாலே முகம் கறுக்கும். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனை, மற்றக் கட்சியின் ஆள் என்று சந்தேகப்பட்டு ரமல்லாப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்து பிறகுதான் வெளியே விட்டார்கள். பிள்ளை திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. "என்ர பிள்ளைக்கு அடிச்சது யூதன் இல்லை," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஆக, காசாக்காரருக்கு, ஹெப்ரோன்காரர் தன் தம்பியைச் சுட்ட ஆட்களின் பக்கம். ஹெப்ரோன்காரருக்கு, காசாக்காரர் தன் மகனை அடித்த போலீஸ். இரண்டு பேரும் தங்கள் கையால் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்குப் பெரிய மனிதத்தனம் வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை, சூடேற்றும் விசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று இரண்டு பேரும் என் வழியாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அலுத்துவிட்டது. "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சனம். ஒரு பாஷை. உங்களுக்குள்ளயே இப்பிடி எண்டால் உலகம் எப்பிடி உங்களை மதிக்கும்?" என்று ஜெர்மனில் ஒரு பிரசங்கமே வைத்தேன்.

காசாக்காரர் சூட்டு விசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பின்னாலிருந்து ஹெப்ரோன்காரர் மெதுவாகக் கேட்டார், "நீ இலங்கைத் தமிழன்தானே? உங்கட ஆக்கள் எல்லாரும் ஒண்டாத்தான் இருந்தவையோ?"

பச்சை விளக்கு விழுந்ததையும் நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஆயுதம் எடுத்துப் போராடிய எங்கள் தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டன. என் அண்ணா ஒரு இயக்கத்தில் இருந்தார். மற்ற இயக்கம் அவரை ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த நண்பன் அந்த மற்ற இயக்கத்தில் சேர்ந்திருந்தான். அண்ணாவைக் கொண்டுபோனதில் அவனுக்குப் பங்கு இல்லை. அவன் அப்போது வேறு இடத்தில் இருந்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் இப்போது பீலெஃபெல்டில் இருக்கிறான், காரில் போனால் ஒரு மணித்தியாலம். ஒரு கல்யாண மண்டபத்தில் எதிரே வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கேளாதவன் போலத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டேன். கண்ணாடி, சூடு, ரேடியோ என்று சொன்னதை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்தினேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பனி பெய்து பாதி கரைந்து வீதியெல்லாம் சேறு. மத்தியானம் ஏற்றப் போனபோது காசாக்காரர் முதலிலேயே வாசலில் வந்து நின்றார். டயாலிசிஸ் முடிந்ததும் ஊசி குத்திய இடத்தை நன்றாக அமத்திப் பிடித்து, ரத்தம் நின்றதைப் பார்த்துத்தான் வெளிக்கிட வேண்டும். அன்றைக்குக் காத்திருக்கும் அறையில் ஹெப்ரோன்காரரோடு தனியே இருக்க வேண்டி வந்ததால், இவர் அவசரப்பட்டு எழுந்து வந்துவிட்டார். அதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஹெப்ரோன்காரர் வழக்கம் போல என்னைக் கூப்பிட்டார். "அவருக்குச் சொல்லு, அவற்ற கையில..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. திடீரென்று அரபியில் கத்தினார். அத்தனை மாதத்தில் அந்தக் காருக்குள் நான் கேட்ட முதல் அரபிச் சொற்கள் அவைதான்.

நான் பார்த்தேன். காசாக்காரரின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஊசி போடுவது அவருடைய வலது கையில், கதவுப் பக்கம். எனக்குத் தெரியாமல், கோட்டின் கைக்குள்ளால் ரத்தம் ஓடி இருக்கைக்கும் கதவுக்கும் நடுவால் பின்னுக்குப் போய், ஹெப்ரோன்காரரின் கால் சப்பாத்துக்குப் பக்கத்தில் தேங்கியிருந்தது. டயாலிசிஸ் ஊசிக்கென்று ஆபரேஷன் செய்து பெருக்க வைத்த அந்த நரம்பில் ரத்தம் சாதாரணமாக வராது, பாய்ந்து வரும். சில நிமிடத்தில் ஆள் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் காரை ஓரம் கட்டிய பிறகு என் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை.

ஹெப்ரோன்காரர் அதற்குள் இறங்கிவிட்டார். முன் கதவைத் திறந்து, நல்ல கம்பளிக் கோட்டோடு அந்தச் சேற்றுப் பனியில் முழங்காலில் நின்றார். மற்றவருடைய கோட்டுக் கையைக் கிழித்து மேலே தள்ளினார். ரத்தம் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து, தன் கழுத்துத் துணியை மடித்து வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். அவருக்கு அது பழக்கம், தன் கையில் வாரத்துக்கு மூன்று தரம் செய்கிற வேலை. "112 அடி!" என்று என்னைப் பார்த்து உறுமினார். அப்போதுதான் எனக்கு உணர்வு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இறங்கி ஓடிப்போய்க் காசாக்காரரின் கையை உயர்த்திப் பிடித்தேன்.

ஹெப்ரோன்காரரும் அன்றைக்குத்தான் நான்கு மணித்தியாலம் மெஷினில் கிடந்து வந்தவர். அவருடைய உதடு வெளுத்திருந்தது. நான் மாறிப் பிடிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். விரலை எடுத்தால் போச்சு. விரலை எடுக்காமலே அவர் அரபியில் பேசிக்கொண்டிருந்தார். ஏசுவது போலத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் காசாக்காரரின் கண் பாதி திறந்தது. எனக்கு நம்ப முடியவில்லை, அந்த மனிதர் சிரித்தார்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஹெப்ரோன்காரரை நான் தூக்கித்தான் காரில் இருத்த வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் காசாக்காரரைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு ஹெப்ரோன்காரர் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று கேட்டேன்.

"நீர் இதில செத்துப்போனால், எங்கட கட்சிதான் உம்மைக் கொலை செய்தது எண்டு உம்மட கட்சி அறிக்கை விடும். எனக்கு அந்தக் கரைச்சல் ஏலாது. அதால தயவுசெய்து சாகாதையும். அப்பிடித்தான் சொன்னவர்," என்றார் காசாக்காரர். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "என்னைச் சாகவிடேல்லை, பாத்தியோ," என்றார்.

அவர் திரும்பி வந்த முதல் நாள், காரில் ஏறியதும் நான் வழக்கம் போலச் செய்தி கடத்தத் தயாராக இருந்தேன். ஒன்றும் வரவில்லை. காசாக்காரர் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்து அரபியில் ஏதோ சொன்னார். ஹெப்ரோன்காரர் அதற்கு இரண்டு மடங்கு சத்தத்தில் பதில் சொன்னார். பிறகு கார் முழுக்கச் சத்தம். எனக்கு விளங்கிய சொற்கள் இரண்டே இரண்டு, ரமல்லா, காசா. பயந்துபோய், "சண்டையோ?" என்று கேட்டேன்.

"ஓம்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

அந்த வார இறுதியில் நான் பீலெஃபெல்டுக்குப் போன் அடித்தேன். நம்பரை ஒரு சொந்தக்காரரிடம் வாங்கினேன். என் குரலைக் கேட்டதும் நண்பன், "அங்கையும் பனியோ?" என்று கேட்டான். பனியைப் பற்றியும் கார் டயரைப் பற்றியும் இருபது நிமிடம் கதைத்தோம். வைக்கும்போது, "அண்ணாவை நான் மறக்கேல்லையடா," என்றான். அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் அன்றைக்குத் தாங்கியிருக்காது.

பிறகு அந்த வருட இலையுதிர்காலத்தில் காசாவில் போர் தொடங்கியது. அங்கே இருந்த காசாக்காரரின் தங்கையோடு பதினொரு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. அந்தப் பதினொரு நாளில் காரில் வந்த ஒவ்வொரு முறையும் ஹெப்ரோன்காரர் தன் வீட்டு வாசலில் இறங்கவில்லை. காசாக்காரரோடு அவருடைய வீட்டில் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு பஸ் பிடித்துப் போனார். தங்கை ஒரு கூடாரத்தில் உயிரோடு இருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று, முதலில் எனக்குப் போனில் சொன்னவர் ஹெப்ரோன்காரர்தான்.

இப்போது ஹெப்ரோன்காரர், ஆஹென் என்ற நகரத்தில் இன்ஜினியராக வேலை செய்யும், காது கேளாமல் போன அந்த மகனோடு போய் இருக்கிறார். டயாலிசிஸும் அங்கேதான். காசாக்காரரைத் தனியாக ஏற்றி வருகிறேன். காரில் ஏறி பெல்ட் போட்டதும் அவர் ஆஹெனுக்குப் போன் அடிப்பார். வீடு வரும்வரை இரண்டு பேரும் வாதாடுவார்கள்.

அவர்களுடைய இரண்டு கட்சிகளும் எனக்குத் தெரிய இன்னும் ஒன்றாகவில்லை. தம்பியின் முழங்காலும் மகனின் காதும் சரியாகிவிடவும் இல்லை. அவர்கள் இருவரின் கோபத்திலும் நியாயம் இருந்தது, என் கோபத்திலும் இருந்தது. ஆனால் அவ்வளவு கோபத்தையும் மனதில் வைத்துக்கொண்டே ஒருவர் மற்றவரின் உயிரைப் பிடித்து நிறுத்தியதை நான் கிட்ட நின்று பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேளாதவன் போலப் போக எனக்கு மனம் வருவதில்லை.