மூப்பர் எங்களை வெளியே அனுப்பிய ஞாயிறு

இர்மா அக்காவைப் பற்றிக் கேட்டால் எங்கள் சபையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி புளுகு. நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. பால் கறக்கப் போகும்போது தினமும் அவள் முகத்தில்தான் முழித்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

தோக்மோக் நகரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். முன்பு ஜெர்மன்காரர்கள் ஊராக இருந்தது. எல்லை திறந்ததும் அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். காலியான வீடுகளில் கிர்கீஸ்காரர்களான நாங்களும் சில ருஷ்யர்களும் குடியேறினோம். அவர்களுடைய ஜெபவீடும், கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய விசுவாசமும், எங்களிடம் வந்து சேர்ந்தன. இர்மாவின் அண்ணன் தம்பிகளும் போனவர்கள்தான். இவள் மட்டும் போகவில்லை. புருஷன் இங்கேதான் மண்ணுக்குள் இருக்கிறான், மகன் அர்துருக்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் தெரியாது. "அங்க போய் நான் யார் மாட்டைக் கறக்கறது?" என்பாள், அவ்வளவுதான்.

பெரிய கை, பெரிய ரப்பர் பூட்ஸ், சின்னப் பேச்சு. அவளுக்குக் கோபமே வராது என்பது ஊரார் நம்பிக்கை. எனக்குக் கோபம் வராத நாளே இல்லை என்பதும் அவர்கள் நம்பிக்கைதான். இரண்டாவது கிட்டத்தட்ட உண்மை.

அர்துர் செத்தது ஒரு வசந்த காலத்தில். பனி உருகி, பெரிய கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். ஊர்க்காரர் தாலாய்பெக்கின் கன்றுக்குட்டி உள்ளே விழுந்துவிட்டது. பையன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான். கன்றைப் படி இருந்த இடத்தில் கரையேற்றிவிட்டான். ஆனால் தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போனது, அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வழவழவென்று கான்கிரீட் சுவர், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மதகுப் பக்கம்தான் அவனை எடுத்தார்கள். முந்தைய கோடையில் அதே கால்வாயில், அதே படியருகில்தான் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தோம். வெள்ளைச் சட்டை ஒட்டிக்கொள்ள, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தான். எனக்கு இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடக்கத்தில் இர்மா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தாள். "என்ன ஒரு விசுவாசம்!" என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கென்னவோ அது விசுவாசமாகத் தெரியவில்லை.

அதற்கடுத்து, மாதம் ஒருமுறை அப்பம் பிட்கும் ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் அப்பத்துக்கு ஒரே தட்டு, திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம், பெஞ்சு பெஞ்சாகக் கை மாறி வரும். யாரோடாவது மனத்தாங்கல் இருப்பவர்கள் அதைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு மனத்தாங்கல் யார்மேலோ அவரிடம் தனியாகப் போய்ப் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதிலும் தீராவிட்டால் சபைமுன் வர வேண்டும். தீர்ந்துவிட்டால் இரண்டு பேரும் எல்லார் முன்பும் நின்று கை கொடுத்துக்கொள்வார்கள். ஜெர்மன்காரர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கம் இது, மூப்பர் ஸ்தெபான் இம்மியும் பிசகாமல் நடத்துவார். அவர் வெல்டிங் வேலைக்காரர். வேதத்தையும் அளவுகோல் வைத்துத்தான் படிப்பார்.

அந்த ஞாயிறு தட்டு இர்மாவிடம் வந்தது. அவள் தொடவில்லை. பக்கத்தில் இருந்த கிளாவாவிடம் தள்ளிவிட்டாள். பாத்திரத்தையும் அப்படியே.

கிளாவாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இர்மா வீட்டுக்கு ஓடினாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"இர்மா, என்னை மன்னிச்சிரு தாயி. நீ பால்ல தண்ணி கலக்கறேன்னு நாலு பேர்கிட்ட சொன்னது நான்தான்."

"நீயா சொன்னே?" என்று இர்மா அவளைப் பார்த்தாள்.

"அய்யோ, அப்ப உனக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் தெரியும். சரி, மன்னிச்சாச்சு. கோழியைக் கீழ விடு, டீ குடிச்சிட்டுப் போ."

அடுத்த மாதமும் அவள் தொடவில்லை. அப்போது பக்கத்துத் தோட்டக்கார எர்மெக் வந்தான். இர்மாவின் முறைத் தண்ணீரைத் தன் உருளைக்கிழங்குக்குத் திருப்பிவிட்டது தான்தான் என்று தலையைச் சொறிந்தான். அவனையும் மன்னித்தாள். அதற்கடுத்த மாதமும் தொடவில்லை. அப்புறம் சபையே வரிசையில் வர ஆரம்பித்தது. ஒருத்தி அவள் தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தைப் பறித்திருந்தாள். இன்னொருத்தி அவளை ஜெர்மன் மாடு என்று சொல்லியிருந்தாள். மூப்பரே வந்து, அடக்கத்தன்று தன் பிரசங்கம் நீண்டுபோனதற்கு மன்னிப்புக் கேட்டார். அதற்கு அவர் எங்கள் எல்லாரிடமும்தான் கேட்டிருக்க வேண்டும். கன்றுக்குட்டிக்காரத் தாலாய்பெக் எங்கள் சபை இல்லை, மசூதிக்குப் போகிறவர். அவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் கன்னுக்குட்டிய வித்துடறேன் தங்கச்சி. தினம் உன் வாசல் வழியா போகுது. பார்த்தா உனக்கு எப்படி இருக்கும்!"

"மாடு என்னண்ணே பண்ணும்? அது பாட்டுக்கு மேயட்டும். உள்ள வாங்க" என்றாள்.

எல்லாரும் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "முன்னல்லாம் நிம்மதியா இருந்தேன்டி. இப்ப இந்த ஊர்ல யார் யார் எனக்கு என்ன பண்ணினாங்கன்னு பூரா தெரிஞ்சுபோச்சு."

நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எனக்கு அவளோடு என்ன சண்டை இருந்தாலும் அதை அன்றன்றைக்கே வேலிமேல் ஏறி நின்று கத்தித் தீர்த்திருக்கிறேன். ஆனால் கேட்டேன்.

"யார் மேலதான்க்கா உனக்குக் கோபம்?"

"இந்த ஊர்ல யார் மேலயும் இல்லடி."

"அப்பத் தொட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"பொய் சொல்லிட்டுத் தொடச் சொல்றியா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள். அந்த வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். ஜெபத்தில் எல்லாரும் முழங்கால் போட்டுச் சத்தமாக ஜெபிப்போம், அவள் வாயைத் திறக்க மாட்டாள். பாட்டுக்கும் வாய் அசையாது. ஆனாலும் ஒரு ஞாயிறு விடாமல் வந்து உட்கார்ந்தாள்.

வருஷம் திரும்பியது. ஒரு வருஷம் அப்பத்தைத் தொடாதவரைச் சபைமுன் நிறுத்திக் கேட்க வேண்டும், பதில் சொல்லாவிட்டால் சபையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். அதுவும் ஜெர்மன்காரர்கள் வைத்துவிட்டுப் போனதுதான். நான் மூப்பர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, சபையும் இல்லையென்றால் அவள் எங்கே போவாள்? ஸ்தெபான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு மட்டும் சந்தோஷமா ஜில்டிஸ்?" என்றார்.

அந்த ஞாயிறு வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. அப்பமும் பாத்திரமும் மேஜைமேல் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தன. மூப்பர் எழுந்தார்.

"சகோதரி இர்மா, உனக்கு யார் மேல குறை? பேரைச் சொல்லு. இங்கயே கூப்பிட்டுச் சமாதானம் பண்ணிடலாம்."

இர்மா எழுந்து நின்றாள். பதில் சொல்லாமலே உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"நீங்க எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்டீங்க" என்றாள் கடைசியில். "வர வேண்டியவர் வரல. என் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து அவர் கையிலதானே ஒப்படைச்சேன்? அதே தண்ணியில போட்டுத் திருப்பிக் கொடுத்தாரே! எனக்கு ஆண்டவர் மேலதான் குறை."

கிளாவா "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எர்மெக் தரையைப் பார்த்தான். இதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? ஸ்தெபான் வேதத்தைத் திறந்தார், மனத்தாங்கலைத் தீர்க்கச் சொல்லும் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"முதல்ல தனியா போய்ச் சொல்லணும்னுதான் இருக்கு" என்றார் மெதுவாக. "குறை யார் மேலயோ அவர்கிட்டயே, தனியா. சொன்னியா இர்மா?"

"இல்ல. அவர்கிட்டப் பேசியே ஒரு வருஷமாச்சு."

"அப்ப இன்னும் முதல் படியே நடக்கல." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "எழுந்திருங்க. எல்லாரும் வெளியே போங்க. அவங்க ரெண்டு பேரும் பேசட்டும்."

"இந்த மழையிலயா?" என்றாள் கிளாவா.

"இந்த மழையிலதான்."

போனோம். கோட்டுகளை எடுக்கக்கூட அந்த மனுஷன் விடவில்லை. கூரை விளிம்புக்குக் கீழே ஆட்டு மந்தை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. ஜெர்மன்காரர்கள் வீட்டுக்குள் பேசுவார்களே, அந்தப் பழைய பேச்சில் கத்தினாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அர்துரின் பேர் மட்டும் புரிந்தது, அதுவும் திரும்பத் திரும்ப. பெஞ்சு ஒன்று விழுந்தது. அவளுக்குக் கோபம் வராது என்று சொன்னவர்களெல்லாம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் கத்தல் நின்று அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. எனக்கு உள்ளே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூப்பர் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

கதவை அவளே திறந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"உள்ள வாங்க. நனைஞ்சு சாகப் போறீங்க."

எல்லாரும் உட்கார்ந்ததும் மூப்பர் முறைப்படி கேட்டார்: "சமாதானம் ஆச்சா?"

"திட்டினேன். வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் ஒண்ணும் பேசல." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். "உன் பையன் சிலுவையில சாகும்போது நீயும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்னு கேட்டேன். கேட்டப்புறம் திட்ட மனசு வரல. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பறிகொடுத்திருக்கோம். ஏன் எடுத்தேன்னு இனிமே கேக்க மாட்டேன். அர்துரை நீயே வச்சுக்க, என்னால இனிமே தூக்க முடியலன்னு சொல்லிட்டேன்."

இனி இரண்டு பேரும் எல்லார் முன்பும் கை கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டவர் கைக்கு எங்கே போவது? ஸ்தெபான் மேஜைக்குப் போய்த் துணியை விலக்கி, தட்டை எடுத்து, நேராக இர்மாவிடம் நீட்டினார். வெல்டிங் தழும்பு விழுந்த கை அது. அவள் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மென்றாள். பாத்திரத்தை வாங்கிக் குடித்தாள். நல்ல பெரிய மடக்கு. கடைசி பெஞ்சுக்குப் போதவில்லை என்று கிளாவா பிற்பாடு முணுமுணுத்தாள்.

அப்புறம் தட்டை என் பக்கம் திருப்பினாள். நான் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பிடிடி" என்றாள் இர்மா அக்கா. "எவ்வளவு நேரம் வச்சுக்கிட்டு நிக்கறது?"