ஆறாவது பாட்டுக்கு நான் கை காட்டினேன்

உங்கள் தாத்தா ட்ரம்ஸ் அடித்தவர் என்று சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அடித்தது மட்டுமல்ல, அவர் அடித்த ஒரு ஆல்பமே இருக்கிறது. அது உருவான நாளில் நானும் அங்கே இருந்தேன். சும்மா இல்லை, நட்ட நடுவில் இருந்தேன். அதை எழுதி வைக்கிறேன், படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அப்பா கும்மிடிப்பூண்டியில் கம்பி மில் ஒன்றில் வேலை செய்தார். பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டுக் கம்பியாக இழுக்கும் இடம். சித்தப்பாவும் மாமாவும் அதே மில்தான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். சித்தப்பா கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். மாமாவிடம் நாலே நாலு தடித்த கம்பி உள்ள பேஸ் கிட்டார். அப்பா ட்ரம்ஸ். ஆரணிப் பக்கம் ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ரா கலைந்தபோது வாங்கிய செட் அது.

அவர்கள் வாசித்தது ஹார்ட் ராக். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்கிற பாட்டு இல்லை. கேட்டால் கால் தானாக ஆடும், ஜன்னல் கண்ணாடியும் கூடவே ஆடும். வரிகள் எல்லாம் சித்தப்பா எழுதியவை. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒன்று, கேண்டீன் சாம்பாரைத் திட்டி ஒன்று. ஆறாவது பாட்டு, உலைக் கதவு திறப்பதைப் பற்றியது. முதலில் கிட்டார் மட்டும் தனியாக, மெதுவாக நாலு சுற்று வரும். அதுவரை கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். நாலாவது சுற்று முடிகிற இடத்தில் அப்பா எல்லா ட்ரம்ஸிலும் ஒன்றாக விழவேண்டும். கதவு திறந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

மில்லுக்குள் பேசினால் யாருக்கும் கேட்காது, எல்லாவற்றுக்கும் கை ஜாடைதான். விரலைச் சுழற்றினால் ஓட்டு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. கையை உயர்த்திச் சட்டென்று இறக்கினால் இரும்பை விடு. இதையெல்லாம் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டேன். வீட்டில் சாப்பாடு போதும் என்பதைக்கூட அப்பா கையால்தான் சொல்வார்.

ஆல்பம் போடுவது என்று முடிவானதும் இடம்தான் பிரச்சினையாக இருந்தது. ஸ்டூடியோவுக்குப் போக வசதி இல்லை. வீட்டிலேயே செய்யலாம் என்றால் தெருவுக்குப் பின்னாலேயே தொழிற்பேட்டை, எந்நேரமும் இரைச்சல். ஆனால் அந்த நாட்களில் கரண்ட் பற்றாக்குறை. வாரத்தில் ஒரு நாள் கம்பெனிகளுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், வீடுகளுக்கு இருக்கும். அந்த ஒரு நாள் எங்கள் பக்கம் காக்கா கத்துவது கேட்கும். அப்படி ஒரு நாளில், கம்ப்யூட்டரும் மைக்குகளும் எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து ரிக்கார்டிங் செய்கிற ஒரு அண்ணன் முதல் ரயிலில் வந்து இறங்கினார். சாயங்கால ரயிலில் அவர் திரும்பவேண்டும். அதற்குள் ஆறு பாட்டும் முடியவேண்டும். விட்டால் அவரும் மில் இல்லாத நாளும் மறுபடி ஒன்றாகச் சேர எத்தனை மாதம் ஆகுமோ.

எனக்கு அன்று காலையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ரிக்கார்டிங் முடிந்ததும் தானாக இறங்கிவிடும் என்று சொல்லி, பள்ளிக்கூடப் பையைப் பரணில் போட்டார்.

மூன்று வீட்டு மெத்தைகள் எங்கள் ஹாலின் சுவரில் சாய்ந்து நின்றன. ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாதாம். அதனால் சித்தப்பாவையும் மாமாவையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டார் அந்த அண்ணன். அப்பா மட்டும் ஹாலில். முதல் ஐந்து பாட்டும் அப்பா குச்சியைத் தட்டி ஆரம்பிப்பவை. அவர் போக, மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். நாலு மணிக்கெல்லாம் ஐந்தும் முடிந்தன. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து, மில்லுக்கு லீவு விட்டால் மில்லை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அப்பாவுக்கு ஒரே குறைதான், ட்ரம்ஸ் சத்தம் பத்தவில்லை. அந்த அண்ணன் ஏற்றிக்கொண்டே வந்து கடைசியில் கையை விரித்தார்.

"அண்ணா, செவப்பு லைட்டு எரியுது. இதுக்கு மேல ஏத்துனா சவுண்டு கிழிஞ்சிரும்."

"கிழியட்டும் நைனா. நம்ம ஊரு சவுண்டு கிழிஞ்சிதான இருக்கும்."

இப்படி ஒரு வீர வசனத்தை அதுவரை நான் கேட்டதில்லை. மாமா சமையலறையிலிருந்து விசில் அடித்தார்.

பிறகு ஆறாவது பாட்டு. கிட்டார் நாலு சுற்று முடிந்தது, அப்பா விழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை மூன்றாம் சுற்றிலேயே விழுந்தார். மூன்றாவது தடவை குச்சியைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார், பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"இன்னாண்ணா, தூங்கிக்கினு கீறியா?" சித்தப்பா கதவு வழியாகக் கத்தினார்.

அந்த அண்ணன் ஹெட்போனை அப்பா தலையில் மாட்டினார். அப்பா சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, இதில் ஒன்றும் வரவில்லை என்று கழற்றிக் கொடுத்தார். அந்த அண்ணன் அதைத் தன் காதில் வைத்தார், சூடுபட்டவர் மாதிரி உடனே எடுத்தார். ஹெட்போன் ஆள் பார்த்து வேலை செய்யும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது தடவையும் போயிற்று. மணி ஐந்து ஆகப்போகிறது. ஐந்து பாட்டே போதும், இதை விட்டுவிடலாம் என்றார் மாமா. சித்தப்பா முடியாது என்றார், ஆல்பத்துக்குப் பெயரே அந்தப் பாட்டுத்தான். அப்பா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குச்சியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசற்படியில் நிறுத்தினார். அங்கிருந்து சித்தப்பாவும் தெரிவார், அப்பாவும் தெரிவார்.

"புள்ள ரொம்ப ஆசப்படுறான், நிக்கட்டும்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் காதில் மட்டும், "சித்தப்பா வாசிக்கிறத எண்ணிக்கினே இரு. நாலு முடிஞ்சதும் அப்பாவுக்குக் கைய எறக்கு. அப்பா உன்னயே பாத்துக்கினு இருப்பாரு," என்றார்.

நான் ஆசைப்படுவதாக யாரிடமும் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

கிட்டார் ஆரம்பித்தது. ஒன்று. கையை உயர்த்தினேன். இரண்டு. அப்பா கண் கொட்டாமல் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. மூன்று. என் காய்ச்சல் உண்மையாகவே வந்துவிட்டது போல உடம்பு சுட்டது. நாலு முடிகிற இடம். கையை இறக்கினேன்.

வீடே என் மேல் விழுந்த மாதிரி இருந்தது! மெத்தை ஒன்று சரிந்தது, யாரும் நிறுத்தவில்லை. சித்தப்பா தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். நான் விடவில்லை. திருப்பத்துக்கெல்லாம் விரலைச் சுழற்றினேன், கடைசி அடிக்குக் கையை உயர்த்தி இறக்கினேன், மூன்று பேரும் ஒரே நொடியில் நின்றார்கள். ஓடித்தான் அந்த அண்ணன் ரயிலைப் பிடித்தார். மறுநாள் பள்ளியில், பேண்டில் மொத்தம் நாலு பேர் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆல்பம் எங்கெங்கோ போயிற்று. பொன்னேரியிலிருந்தும் செவ்வாப்பேட்டையிலிருந்தும் பசங்கள் தேடி வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான், அந்தக் கிழிந்த ட்ரம்ஸ் சத்தத்தை எப்படிப் பிடித்தீர்கள்? சித்தப்பா ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்லி அனுப்புவார். இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பேண்டுகள் முதல் பாட்டை அப்படித்தான் கிழித்துக்கொண்டு ஆரம்பிக்கின்றன.

மில் சத்தத்தில் அப்பாவின் காது அப்போதே பாதிக்கு மேல் போயிருந்தது. ரிகர்சலில் சித்தப்பாவின் கையைப் பார்த்தே வாசித்துவந்திருக்கிறார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இதெல்லாம் பெரியவனான பிறகுதான் தெரியும்.

சிடி வந்த அன்று இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை ஹாலில் வைத்துப் போட்டோம். எல்லோரும் நாற்காலியில் இருக்க, அப்பா மட்டும் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். அதிர்வில் பெட்டி நகர்ந்து விழுந்துவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் ஓடிப்போய் இன்னொரு பெட்டியை, பாட்டு முடிகிற வரைக்கும், இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.