உப்பு பார்த்த நாக்கு

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுக்களையில் என் மகள் கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஒரு இழை பாஸ்தாவை எடுத்து, சுவரைப் பார்த்து வீசினாள். சளக் என்று ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் வெந்துவிட்டதாம். போனில் யாரோ செய்து காட்டியிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பினால், முக்காலியில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மாவைக் காணோம். சமையல் மேடைக்கு அடியில் குந்தியிருந்தாள், தலையை முழங்கைக்குள் மறைத்தபடி. மூட்டுவலிக்காரி. நாற்காலியிலிருந்து எழவே என் தோள் வேண்டும் அவளுக்கு.

"என்ன ஆச்சி, பயந்துட்டியா?" என்றாள் மகள்.

"பயமொண்ணும் இல்ல மக்கா. கத்தி கீழ விழுந்துது. எடுக்கேன்."

கத்தி அவள் கையில்தான் இருந்தது.

கொட்டாரத்துப் பக்கம் எங்களுக்கு வயலும் வீடுமாக இருந்த காலத்துச் சுவரைச் சொன்னால்தான் இது உங்களுக்கு விளங்கும். அடுக்களையை ஒட்டிய அறையில் அப்பா சாப்பிட உட்காருவார். அவருக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறை. தீயல் காய்ந்தால் கறுப்பு, எரிசேரி மஞ்சள், புளிக்கறி செம்மண் நிறம். வெள்ளையடிக்க வந்த ஆள் ஒருமுறை, "இதென்ன அண்ணாச்சி, இப்பிடி?" என்று கேட்டான். அப்பா கண் சிமிட்டாமல், "மழ ஒழுகினது" என்றார். எங்கள் ஊரில் மட்டும் அப்படிக் காரமான மழை பெய்திருக்கிறது.

உப்பு குறைந்தால் சோற்றுத் தாலம் பறக்கும். கூடினால் தாலமும் பறக்கும், பின்னாலேயே அவரும் வருவார். வெளியே அவர் நல்ல மனுஷன். வயலில் கூலிக்காரர்களிடம் குரல் உயர்த்தினதில்லை, கோயிலில் முன்வரிசை. அம்மாவைத் திட்டும்போது மட்டும் 'அறுதலி' என்பார். தாலி கட்டினவன் உயிரோடு நின்றுகொண்டு பெண்டாட்டியை அறுதலி என்றால் செத்தது யார்? அந்தக் கணக்கை அவரிடம் கேட்க ஆளில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சமைக்கிறவள் ருசி பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாமிக்குக் காட்டி, ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் அவள் நாக்கில் படலாம். முன்னால் பட்டால் அவ்வளவும் எச்சில். உப்பு தப்பினாலும் அடி, தப்பாமலிருக்க நாக்கில் வைத்துப் பார்த்தாலும் அடி. இதற்கு அம்மா கண்டுபிடித்த வழிதான் நான். சின்னப் பிள்ளைகளின் எச்சிலுக்குத் தோஷமில்லை என்று ஒரு சலுகை இருந்தது.

"ஏட்டி, நாக்க நீட்டு. உப்பு உண்டா?"

"கொறவு."

ஒரு சிட்டிகை போட்டுக் கிளறுவாள். "இப்பம்?"

"கொள்ளாம்."

"நல்லா பாத்துச் சொல்லுட்டீ. முதுகு என்னுது."

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கு ஏறவில்லை. ஆனால் கொதிக்கிற குழம்பு ஆறினபிறகு எவ்வளவு கரிக்கும் என்று அந்த வயதிலேயே சொல்வேன். நான் உப்பு பார்த்த வருஷங்களில் தாலம் அநேகமாகத் தரையில்தான் இருந்தது. வேறு காரணங்களுக்கு அடி விழுந்தது, அது வேறு விஷயம்.

பிறகு நான் பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் விட்டு, புதுப்பாவாடை கட்டி, பழையபடி அடுப்படிக்குப் போனேன். வாயைத் திறந்தேன். அம்மா அகப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே நீயும் பாக்கப்படாது" என்றாள்.

அந்த வாரமே தாலம் பறந்தது. அடுத்த வாரம் அவள் காதோரம் கிழிந்தது. வெறும் கண்ணளவில் போட்டால் உப்பு எப்படிச் சரியாக விழும்? விழவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்க, அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு தீயலை விட்டு நக்கினாள். தண்ணீர் கேட்டுப் பின்பக்கமாக வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. "எச்சிலயாட்டீ எனக்கு வெளம்புக?" என்று கேட்டார், சாதாரணமாக. அடுப்பில் கிடந்த இரும்புச் சட்டுவத்தை எடுத்தார். அம்மாவின் கையைப் பிடித்து விரித்தார். நக்கின அதே உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். தோல் கருகும்போது வரும் வாடையைப் பற்றி எழுதிப் பிரயோசனமில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் தீயல் சட்டியைத் தூக்கி அவர் முதுகில் கவிழ்த்தேன். புளியும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு தண்ணீர்போல வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். அவர் விழுந்து முற்றத்தில் உருண்டார். இன்றுவரை அதற்காக எனக்கு வருத்தம் வந்ததில்லை.

ஆனால் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வெந்த கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள். "என்னக் கெட்டினவனுக்க மேலயாட்டீ ஊத்துவே? எரணங்கெட்டவளே!" அவர் வாழையிலையில் கிடந்த நாளெல்லாம் நல்ல கையால் எண்ணெய் தடவி விட்டாள். என்னிடம் பேசவில்லை. சித்தி வந்து என்னைக் கருங்கலுக்குக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூடம் அதோடு சரி.

கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தேன். அதன் தோட்டு எண்ணெய் பட்டு விரல் உரிந்தது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அங்கிருந்து கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனேன். பாஸ்தா என்ற சாமானை முதலில் கண்டது அங்கேதான். தலைமைச் சமையல்காரர் தங்கப்பன் சேட்டன், முன்கை முழுக்க மயிர், வாய் முழுக்க வசவு. நான் போன முதல் நாளே அவர் ஒரு இழையை உருவிச் சுவரில் எறிந்தார். நான் கழுவுதொட்டிக்கு அடியில் போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் அடி விழவில்லை என்று தெரிந்து வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரமானது.

பிறகு காய் வதக்க விட்டார்கள். முதல் தட்டை நீட்டினேன். "ருசி நோக்கியோடீ?" என்றார். இல்லை என்றேன். கரண்டியின் முதுகால் என் விரல்முட்டியில் ஒரு போடு. நாக்கு எதற்கு இருக்கிறது, சாம்பார் கிளறவா என்று கேட்டார். ருசி பார்த்தால் ஒரு வீட்டில் சூடு, பார்க்காவிட்டால் இன்னொரு இடத்தில் கரண்டி. இரண்டாவது அடி நல்லதுக்கு என்று சிலர் சொல்லக்கூடும். முட்டி அதற்காக வீங்காமல் இருக்கவில்லை. ஒருநாள் அந்தக் கரண்டியைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் பஸ் ஏறினேன். வளைகுடாவில் சம்பாதித்ததில் கட்டியதுதான் இப்போதிருக்கிற வீடு.

நேற்றைக்கு வருகிறேன். மகள் படிக்கப் போய்விட்டாள். பூண்டை நசுக்கிப் போட்டு, கேரட், பீன்ஸ், குடமிளகாய் வதக்கி, தக்காளி கரைந்ததும் பாஸ்தாவைக் கொட்டி, நல்லமிளகு தட்டிப் போட்டுக் கிளறினேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "ஏட்டி, ஆச்சா? கொடல் காயுது" என்று சத்தம் போட்டார். லாரி ஓட்டுகிற மனுஷன், மெதுவாகப் பேசத் தெரியாது.

அம்மா விறைத்துப்போனாள். "குடு மக்கா, மொதல்ல அவருக்குக் குடு."

"உப்பு பாக்காண்டாமா?"

"நீ பாத்துக்க."

"எனக்கு ஜலதோசம், ருசி ஒண்ணும் பிடிபடல்ல. நீ பாரு" என்று முள்கரண்டியில் சுற்றி நீட்டினேன். ஜலதோஷம் பொய்.

"அய்ய, மருமவன் இன்னும் உண்ணல்லியே!"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். எங்கள் அடுக்களைக்குக் கதவு கிடையாது. கட்டும்போது கொத்தனார், "தாளிச்ச மணம் படுக்கிற ரூம் வர வருமே அக்கா" என்றார். வரட்டும் என்றேன். அப்பா கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிப்பார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அம்மா சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டு வாயில் போட்டாள். மென்றாள். சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள்.

"ஆரும் பாக்கல்லல்லா?"

"இல்ல."

"உப்பு கொறவு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நல்ல கொறவு. இப்பிடியாட்டீ வெப்பே?"

அப்பா போய்ச் சேர்ந்து, அம்மா என்னோடு வந்து வெகுகாலமாயிற்று. அந்த வீடு நாலுவழிச் சாலைக்குப் போயிற்று. இப்போது அடுக்களை இருந்த இடத்தில் வண்டிகள் ஓடுகின்றன. நான் உப்பு போட்டுக் கிளறினேன். அம்மா நான் நீட்டுவதற்குக் காத்திருக்கவில்லை. கரண்டியை வாங்கி, சட்டிக்குள் விட்டு, அவளே எடுத்தாள். இந்த முறை அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. மருமகன் காலித் தட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.