செருப்புக்கு வந்த வாழ்வு

டோக்கியோவில் எங்கள் ஜுஜுத்சு தற்காப்புக் கலையின் தலைமைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவள் மினெகோ அக்கா. கழிவறைக்குள் மட்டும் போட வைத்திருக்கும் செருப்போடு யாராவது வெளியே வந்தால், கறுப்பு பெல்ட்டானாலும் கிழித்துத் தொங்கவிடுவாள்.

அன்று அப்படி வந்து, செருப்பைப் பயிற்சிப் பாயின் ஓரத்தில் கழற்றிவிட்டு ஏறியவர் தலைமை ஆசிரியர் குனிஹிரோ. எங்களுக்கு வாய் திறக்கப் பயம். அக்காவுக்கா?

"ஏன் சார், ஊரையே தூக்கிக் கீழே போடத் தெரியுது, கக்கூஸ் செருப்பைக் கக்கூஸ்லயே போடத் தெரியாதா?"

முகம் சிவந்த ஆசிரியர், பாயின் ஓரத்தில் மண்டியிட்டு, செருப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம் தலை பாயைத் தொட மன்னிப்புக் கேட்டார்.

பாஷை புரியாத வெளிநாட்டு மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஆசிரியர் செய்வதைச் செய்யத்தானே வந்திருக்கிறார்கள்! வரிசையாக வந்து செருப்பை விழுந்து கும்பிட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் தேய்ச்சுக் கழுவுற செருப்புக்கு வந்த வாழ்வைப் பாரு!"