அத்தைக்கும் எனக்கும் ஒரே மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில் கணபதிப் பகுதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தேன். வயது இருபத்தேழு. நண்பனின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று இரத்தம் கொடுக்கப் போன இடத்தில், நர்ஸ் எனக்கு இரண்டு தடவை பிரசர் பார்த்தார். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. ஊசியைத் தொடாமலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. கடைசியில் பீளமேட்டில் ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"அப்பா இருக்காருங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நாப்பத்திரண்டுலயே போயிட்டாருங்க. மூளையில ரத்தம் கசிஞ்சுபோச்சு."

"அவரு கூடப் பொறந்தவங்க?"

"அன்னூர்ல ஒரு அத்தை இருக்காங்க. அவங்களுக்கும் சின்ன வயசுல இருந்தே பிரசருங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க."

அத்தை, மாமா, அவர்கள் மகள் மூவரும் தூக்குப்போசியில் தயிர்சோற்றோடு பஸ் ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போனது. முடிவு வரப் பல மாதம் ஆனது.

வந்ததும் டாக்டர் எங்கள் நால்வரையும் உட்காரவைத்து, எனக்குப் புரியும்படி சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்குதுங்க. அதுல ரெண்டு ஜீன் பக்கத்துப் பக்கத்துல வேலை செய்யுது. உங்க குடும்பத்துல ஒண்ணோட சுவிட்சு இன்னொண்ணுல ஒட்டிக்கிச்சு. அதனால உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் நிக்காமச் சுரக்குது."

"ஒயரிங் மாறிப்போச்சுங்களா?"

"அதேதான். சுவிட்சை அணைக்க ஒரு சின்ன மாத்திரை போதும்."

அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, நான் கோவக்காரி, அதனாலதான் பிரசருன்னு முப்பது வருசமா சொல்றாங்க. அப்ப அது என்ர தப்பு இல்லீங்களா?"

"இல்லீங்க. பொறக்கும்போதே வந்தது."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா?"

மாமா தூக்குப்போசியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ர புள்ளைக்கு?" என்று அத்தை கேட்டார். பிள்ளைகளுக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதியாம். அவர் மகளுக்கு வரவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் அத்தைக்கும் ஒரே மாத்திரை. சில வாரங்களில் என் பிரசர் நூற்றிருபதுக்கு வந்தது. காலையில் எழும்போது தலை பாரமாக இருப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இல்லாமல் எழுந்த முதல் நாள், வண்டியை எடுக்காமல், காரணமே இல்லாமல் பட்டறைவரை நடந்தே போனேன்.

அத்தைக்கும் இறங்கிவிட்டது. டாக்டர் அதைச் சொன்ன அன்று நால்வரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். டீயில் சர்க்கரை குறைவு என்று அத்தை கடைக்காரரை ஒரு பிடி பிடித்தார்.

மாமா என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். "பிரசர் எறங்கிப்போச்சுங்க மாப்பிள்ளை. கோவம் வேற ஒயரிங் போலிருக்குது."

அத்தைக்கு அது கேட்டுவிட்டது. முதலில் சிரித்தது அவர்தான்.