யானைக்குக் கண் வைத்த பெரியப்பா

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. என்னைக் கண்ட இடத்தில் பரீட்சை வைப்பார். எங்கள் ஊர்ப் பலாபத்வலச் சந்தியில் நிற்கும்போது தூரத்தில் ஒரு பஸ் தலைகாட்டினால் போதும், "எங்க புள்ள, போர்ட வாசி பாப்போம்" என்பார். வாசித்தால் "சரி" என்பார். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிக்க வேண்டும். அம்மா கொடுத்தனுப்பும் சோற்றுத் தட்டைப் பார்த்து என்னென்ன கறி என்று சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு "சரி". பள்ளிக்கூடத்தில் இருக்கும் டீச்சர் போதாதென்று பக்கத்து வீட்டிலும் ஒருவரா என்று நான் நொந்துகொள்வேன். பெரியப்பா பாடம் படித்த மனிதரும் இல்லை. ஆயுள் முழுக்க யாழ்ப்பாண வீதியில் பஸ் ஓட்டியவர்.

ஒரு தடவை அந்தப் பரீட்சையில் நான் கோட்டை விட்டேன். நாவுலயில் ஒரு மரண வீடு. பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சந்திக்கு வந்தார். என் வாயில் ஐஸ்பழம் உருகிக்கொண்டிருந்தது. போர்டை அரைக்கண்ணால் பார்த்து "நாவுல" என்றேன். "சரி" என்று ஏறிப் போய்விட்டார். மனிதர் இறங்கியது யட்டவத்தயில். பொழுது சாய ஒரு பை நிறைய கத்தரிக்காயும் போஞ்சியுமாக வந்து இறங்கினார்.

"செத்த வீட்டுக்குப் போன மனுசன் மரக்கறியோட வர்றீங்களே அத்தான்?" என்று அம்மா வாயில் கைவைத்தாள்.

"அங்க சந்தையில வெல கொறைவுன்னு சொன்னாங்க. செத்தவன் எங்க ஓடிறப் போறான், நாளைக்குப் போய்க்கலாம்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எவ்வளவு நல்ல பெரியப்பா என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். யாராவது வந்தால் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். சில நாள் அதில் சீனிக்குப் பதில் உப்பு இருக்கும். வந்தவர்கள் முகம் கோணாமல் குடித்து முடிக்கிற அழகைப் பார்க்கவே நான் அங்கே போய் உட்காருவேன். பெரியப்பா வேண்டுமென்றே பண்ணுகிற பகிடி அது என்று சத்தியமாக நம்பினேன்.

பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், வத்தளையில் நாலாம் மாடி வீடொன்றில் இருந்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரே பல்லவிதான். "வாங்கப்பா என்னோட. இங்க விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" பெரியப்பாவும் விடமாட்டார். "லொறி சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பெட்டிக்குள்ள கொண்டுபோய் என்னைய அடைக்காத." அந்தச் சித்திரை வருசத்துக்கு வந்தபோது அண்ணன் ஒரு பெரிய சூட்கேசும் கொண்டுவந்திருந்தார். அது வெறுமையான சூட்கேஸ். பெரியப்பாவின் உடுப்புக்கு.

எங்கள் வீதியில் அவுருது விளையாட்டு, அதுதான் சித்திரை வருச விளையாட்டு, என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். வயதானவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு தட்டுக் கொக்கிஸ் பலகாரமும் கொடுத்து வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வருசம் பெரியப்பா கொடி பிடித்தார். "நாங்க என்ன கடைக் கண்ணாடிப் பொம்மையா? எங்களுக்கும் வெளையாட்டு வேணும்." சொன்னதோடு நிற்காமல் தானே செய்யவும் தொடங்கினார். பழைய சோடாப் போத்தல்களின் அடியில் கொஞ்சம் மணல் போட்டார். என் காலுறைகளைச் சுருட்டித் தைத்துப் பந்தாக்கினார். கதிரையில் இருந்தபடியே எறிந்து போத்தலை விழுத்த வேண்டும். முட்டி நோகாது, ஆசையும் தீரும். என் காலுறைகள் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கடைசியாக யானை. கண்ணைக் கட்டிக்கொண்டு போய் யானைக்குக் கண் வைக்கிற விளையாட்டுக்கு ஒரு பலகையில் தன் கையாலேயே யானை வரைந்தார். அதைப் பார்த்த வீதியே விழுந்து விழுந்து சிரித்தது. தும்பிக்கை மட்டும் இல்லாவிட்டால் அசல் பன்றி. "பசியில கெடந்த யானை" என்று சமாளித்தார். ஜம்பு மரத்தில் அதை ஆணியடிக்கும்போது மூக்கைப் பலகையோடு ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பெயின்ட் வாசம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணுக்கு விட்ட வெற்று வட்டம் சரியாக அவர் மூக்கு உயரத்தில் இருந்தது. பாட்டுப் பெட்டியையும் அந்த மரத்தடியிலேயே வைக்கச் சொன்னார்.

விளையாட்டு தொடங்குமுன் அண்ணன் மறுபடியும் பல்லவியை எடுத்தார். பெரியப்பா நாலு பேர் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சரிப்பா. இந்த யானைக்கு நான் கண்ண வெக்கலன்னா ஒன்னோட வர்றேன். வெச்சிட்டேன்னா அந்தப் பெட்டிய வெறுமையாவே தூக்கிட்டுப் போ."

அண்ணன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எந்த அவுருதிலும் யாரும் சரியாகக் கண் வைத்ததை அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அதனால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன், யானை விசயம் அவர் பார்த்துக்கொள்வார் என்று.

முதலில் போனவர் மளிகைக்கடை ஹாஜியார். பெரியப்பாவின் நெடுநாள் கூட்டாளி. அவர் வைத்த கண், வாலுக்குக் கீழே சொல்லக் கூசுகிற இடத்தில் விழுந்தது. கொக்கிஸ் தட்டுகள் குலுங்க எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து வந்த ரிட்டயர் டீச்சரம்மா யானையையே விட்டுவிட்டு ஜம்பு மரத்துக்குக் கண் வைத்தார்.

பிறகு பெரியப்பா. கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள். ஒரு கணம் நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு தன் வீட்டுக் குசினிக்குப் போகிறவர் மாதிரி நேரே நடந்து போய், சோக்கட்டியை மூக்கு உயரத்துக்குத் தூக்கி, வட்டத்தின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

"களவு!" என்று கத்தினார் ஹாஜியார். "டிரைவருக்கு துண்டுக்குக் கீழால தெரிஞ்சீக்கும். நான் கட்டுறேன் இப்ப."

"கட்டுங்க ஹாஜியார், ஒங்க கடையில உள்ள சாக்கையும் சேத்துக் கட்டுங்க" என்றார் பெரியப்பா.

எனக்கு அழுகை வந்தது. ஜெயித்தவரைத் திரும்பவும் ஆடச் சொல்வது என்ன நியாயம்? பொட்டை அழித்தார்கள். ஹாஜியார் தன் தோள்துண்டை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டினார். அண்ணன் பெரியப்பாவைச் சுற்றிவிட்ட சுற்றில் எனக்கே தலை சுற்றியது. விசயம் பாரதூரமாகிவிட்டதால் யாரோ பாட்டையும் நிறுத்தினார்கள். பெரியப்பா கையை நீட்டியபடி நின்றார். முதல் அடியை என் பக்கமாக வைத்தார். நான் இருந்தது யானைக்கு எதிர்ப்பக்கம். சூட்கேஸ் என் மனக்கண்ணில் வாயைத் திறந்தது.

வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்னங்க இது, மரண வீடா? பாட்டில்லாம அவுருதா? பாட்டப் போடு புள்ள!"

இந்த நேரத்திலும் பாட்டா, என்ன மனிதர் என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டேன். பெரியப்பா தலையைச் சாய்த்தார். திரும்பினார். நடந்தார். பொட்டு மறுபடியும் வட்டத்துக்குள்!

ஹாஜியார்தான் முதலில் போய்க் கட்டிப்பிடித்தார். "அல்லாவே, மனிசனுக்கு நெத்தியிலயும் ஒரு கண் ஈக்கிது!" அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிப்பா, தோத்துட்டேன். இவ்வளவு தெம்பா இருக்கிறவரக் கூட்டிட்டுப் போய் என்ன செய்ய?" என்றார். பெரியப்பாவுக்குப் பரிசாக ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் கிடைத்தது. மறுநாள் சூட்கேஸ் வெறுமையாகவே வத்தளைக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வருசம் அவர் வாசல்படியில் தடுக்கி விழுந்து, கையைக் காட்டப் போன கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணையும் பார்த்துவிட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி வெகுகாலமாம். இந்த மனிதர் இவ்வளவு நாள் எப்படி நடமாடினார் என்று டொக்டர் அண்ணனிடம் கேட்டாராம். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் முதல் வேலையாக யானையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "எவன்டா இந்தப் பன்னிய வரஞ்சது?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த அவுருது அன்றைக்கு எல்லாரும் சோற்றுக்குப் போன பிறகு, பெரியப்பா மட்டும் யானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். பலகைக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. என்னைக் கிட்ட கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எங்க பட்டிருக்கு? நீ சொல்லு பாப்போம்."

"கண்ணுலதான் பெரியப்பா. நடுவுல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நடுவுலயேதான்."

"சரி" என்றார்.

இந்தப் பரீட்சையிலும் பாஸாகிவிட்டேன் என்று நான் துள்ளிக்கொண்டு சாப்பிட ஓடினேன்.