எல்லாம் இருந்த உறை

ஹால்வர் நெஸ் மறதிக்காரர் என்பது ஹார்லோ க்ரீக்கில் எல்லாருக்கும் தெரியும். தெரியப்படுத்தியதே அவர்தான். பள்ளிக்கூடப் பேருந்தைக் காலை நடை ஓட்டி முடித்து நிறுத்திவிட்டு, ஊரின் ஒரே காப்பிக் கடையில் வந்து உட்கார்ந்தால், தன் மானத்தைத் தானே கப்பலேற்றாமல் எழுந்து போக மாட்டார். சர்ச் விருந்து முடிந்ததும் பாத்திரத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி லவோனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஒரு கதை. புல் வெட்டும் வண்டியில் தபால்பெட்டி வரை போய், கடிதத்தைப் படித்துக்கொண்டே நடந்து திரும்பி, வண்டியை யாரோ திருடிவிட்டார்கள் என்று போலீசுக்குப் போன் போட்டது இன்னொன்று. அடுத்தவன் சொல்லிச் சிரிப்பதற்குள் நாமே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அறுபது வயது தாண்டியும் அந்தக் கொள்கை அவரைக் கைவிடவில்லை.

பேருந்தில் மட்டும் அவர் வேறு ஆள். ஒவ்வொரு நடைக்கும் பிறகு கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து, அடியில் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். ஒரு குழந்தையின் கையுறைகூட அவர் வண்டியில் தங்கியதில்லை. மறதியெல்லாம் சொந்தச் செலவில்தான் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

போன வருட வேட்டையில் நடந்தது அவருடைய கதைகளிலேயே பெரியது. ரைஃபிளை உறையோடு பிக்கப் வண்டியின் திறந்த பின்கதவு மேல் வைத்துவிட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். கயிறு கட்டிய திருப்தியில் வண்டியை எடுத்துவிட்டார். உறை சாலையில் விழுந்தது. பின்னால் வந்த பண்ணைக்காரர் ஹாரன் மேல் ஹாரனாக அடிக்க, இவர் மரியாதையாகக் கையை அசைத்துவிட்டு நேரே போனார். ரைஃபிள் பிழைத்தது, அதன் மேலிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பும் உறையும் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காப்பிக் கடைக்கு அது போதுமானதாக இருந்தது.

கோடையில் ஒரு நாள், முப்பது வருடமாகத் திரும்பும் தன் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி, அடுத்த ஊர் வரை போய்விட்டார். அதையும் கடையில் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். செப்டம்பரில் நடந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது லவோன் காதுக்கு மளிகைக் கடையில் வந்து சேர்ந்தது.

"காலையில பஸ்ஸ கெல்சி வீட்டு வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சியாமே," என்றாள், பையிலிருந்து முட்டையை எடுத்து வைத்துக்கொண்டே.

"பழக்க தோஷம்."

"கெல்சி காலேஜே முடிச்சிட்டா ஹால்வர். பஸ்ல இருந்த புள்ளைங்கதான் சொல்லியிருக்குங்க, அந்த அக்கா இங்க இல்லையேன்னு."

ஹால்வர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். வந்தது அப்பாவின் நினைவு. அவரும் இப்படித்தான் ஆரம்பித்தார். கடைசி நாட்களில் சொந்த மகனைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பையன் என்று அன்பாக விசாரித்தார்.

"பில்லிங்ஸ்ல டாக்டரப் பாத்துரலாம்," என்றாள் லவோன்.

"வேட்டை சீசன் முடியட்டும்."

"சரி, ஒரு பந்தயம். என் தம்பியோட வேட்டைக்குப் போ. எதையும் மறக்காம போயிட்டு வந்தீன்னா டாக்டர் பேச்சையே நான் எடுக்கல. மறந்துட்டு வந்து நின்னீன்னா, திங்கக்கிழமை நீயே ஸ்கூலுக்குப் போயி பஸ் சாவியக் குடுத்துடணும். அப்புறம் பில்லிங்ஸ்."

"இந்தப் பந்தயத்த வேற யாரோடயாவது வெச்சிருந்தீன்னா உனக்குத் தோக்க சான்ஸ் இருந்திருக்கும்," என்றார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஹால்வருக்கு உறைப் பைத்தியம் பிடித்தது. ஒரு உறையை நம்பி ஒரு மனிதன் தன் மூளையை ஒப்படைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். மூளையை நம்ப முடியாதவனுக்கு வேறு வழி என்ன? லூயிஸ்டவுன் கடைக்கு மறுபடி மறுபடி போனார். அங்கே வேட்டைச் சாமான் விற்கும் மார்லிஸ் அவரைப் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

"இலை போட்ட டிசைன் இருக்கு. எல்லாரும் இதான் வாங்கறாங்க," என்று பச்சை உறை ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"கீழ வெச்சா மானுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊருக்கே தெரியற மாதிரி ஒண்ணு குடு."

அவள் கொடுத்தது ஆரஞ்சு நிறம், கண்ணைக் குத்தியது. நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஸ்கோப் முட்டி ஜிப் பாதியில் நின்றுவிடும் என்று அகலத்தையும் அளந்து காட்டினாள். சுற்றிலும் திறக்கும் ஜிப், நனைந்தால் விரித்துக் காயப்போடலாம். கையுறையோடு பிடித்து இழுக்கப் பெரிய நாடா. தோளில் மாட்ட வார். வெளியே மூன்று பெரிய பைகள். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டாலும் ஸ்கோப் அசையாதபடி உள்ளே மெத்தை மெத்தையாக ஸ்பாஞ்சு.

"இதுல ஒரு கன்னுக்குட்டியே படுத்துத் தூங்கும்," என்றாள் மார்லிஸ். "ஆனா ஒண்ணு. வண்டியில போறப்ப மட்டும்தான் இது. வீட்ல இதுக்குள்ளயே போட்டு வெச்சிடாதீங்க. ஸ்பாஞ்சு ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும், இரும்பு துருப்பிடிச்சிரும்."

அதை மறக்கக் கூடாது என்று ஹால்வர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு வந்ததை லவோன் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னைப் பாத்து கட்டிக்க முடிவு பண்ண உனக்கு ஒரு சாயங்காலம்தான் ஆச்சு."

"அதனாலதான் இந்தத் தடவ நிதானமா யோசிச்சேன்."

இதற்கு அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

அவருடைய திட்டம் எளிமையானது. வேட்டைக்கு வேண்டியது எல்லாமே அந்த உறையின் பைகளில். லைசென்ஸ், சுட்ட மானில் கட்டும் சீட்டு, கத்தி, கயிறு, தோட்டா, பைனாகுலர், கையுறை, கூடுதல் காலுறை. ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். மற்றதெல்லாம் தானாகவே கூட வந்துவிடும். அந்த ஒன்றோ ஆரஞ்சு நிறத்தில், வாசற்கதவின் குறுக்கே கிடக்கும். அதைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது. இதை யோசித்த அன்று, தன் தலை இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று உண்மையாகவே நம்பினார்.

சனிக்கிழமை, லவோனின் தம்பி டெல்மர் தன் பிக்கப்போடு வந்தான். கிணறு தோண்டும் தொழில். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வான். ஹால்வர் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். நல்ல கனம்.

"பின்னால போடுய்யா."

"மாட்டேன். மடியிலயே இருக்கட்டும்."

"சீட் பெல்ட்டும் போட்டு விடு. அழுதா பால் குடு," என்றான் டெல்மர்.

மலையடிவாரத்தில், சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தியபோது பனி மேல் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. ஹால்வர் உறையை வண்டியின் முன்மூடி மேல் கிடத்தி, நாடாவைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஜிப் அருமையாக ஓடியது. உறை புத்தகம் போல் விரிந்தது. உள்ளே ஸ்பாஞ்சு இருந்தது. மார்லிஸ் சொன்ன மெத்தை அத்தனையும் இருந்தது. ரைஃபிள் இல்லை.

டெல்மர் எட்டிப் பார்த்தான். பிறகு டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்திருக்கியேய்யா. துப்பாக்கி தொடைக்கற துணிகூட இருக்கு. மான் வந்தா என்ன பண்றதா உத்தேசம், உறைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துருவியா?"

ஹால்வருக்கு இப்போது எல்லாம் தெளிவாக நினைவு வந்தது. நேற்று மாலை ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டு, உறையில் படுக்க வைத்து அழகு பார்த்தார். பிறகு உள்ளங்கையில் எழுதியது நினைவுக்கு வர, துருப்பிடிக்கக் கூடாதே என்று, பொறுப்பான மனிதராக அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் உள்ள கீழ்த்தளத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். காலையில் உறையைத் தூக்கிப் பார்த்தபோது கனமாக இருந்தது. அவ்வளவு கனத்தில் ஒரு ரைஃபிள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பழக்கத்தில் அவர் வாய் காப்பிக் கடைக் கதைக்குத் தயாரானது. "மார்லிஸ் குடுத்த உறை அப்படி டெல்மர். உள்ள ஒண்ணும் இல்லைன்னு அந்த உறைக்கே..."

பயமாக இருந்தது. வெறும் பயம், வேட்டைக்காரனுக்குக் கரடியைப் பார்த்தால் வருவது போன்றதல்ல, இல்லாத படிக்கட்டை இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தவனுக்கு வருவது.

டெல்மர் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய பனியைத் தட்டினான். அவனுக்கும் பந்தய விஷயம் தெரியும்; சாட்சிக்காகத்தான் லவோன் அவனை அனுப்பியிருந்தாள்.

"சரி விடு," என்றான், அவனுக்கு முடிந்தவரை மெதுவாக. "என்கிட்ட ஒண்ணு இருக்கில்ல. ரெண்டு பேருக்கும் அது போதும். அக்காகிட்ட நான் வாயத் திறக்கப் போறதில்ல."

பகல் முழுக்க ஒரே ரைஃபிளை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். மத்தியானம் தாண்டி, எதிர்ச் சரிவில் எல்க் என்ற பெரிய மான்களின் கூட்டம் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. டெல்மர் ரைஃபிளை நீட்டினான். "நீ சுடு."

ஹால்வர் படுத்து, மூச்சைப் பாதி விட்டு, சுட்டார். பெட்டை எல்க் ஒன்று நின்ற இடத்திலேயே விழுந்தது. சீட்டில் அன்றைய தேதியை வெட்டி, அதன் காலில் கட்டினார். எதையும் யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. வெட்டிய தொடைகளை முதுகில் சுமந்து மலையிலிருந்து இறக்கும்போது முட்டி கழன்றுவிடும் போலிருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். ஒரு பழைய ஆளைத் திரும்பப் பார்த்த மாதிரி.

திரும்பும் வழியில் டெல்மர் முழுத் திட்டத்தையும் போட்டுக் கொடுத்தான். "போன, சுட்ட, வந்துட்ட. யாரோட துப்பாக்கின்னு கறியில எழுதியா இருக்கு? நான் அக்காகிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதே நீ உறையோட நேரா கீழ போயிடு. அவ்வளவுதான்."

ஹால்வர் சரி என்றார். சரியாகத்தான் இருந்தது. மனுஷன் துருவுக்குப் பயந்து ரைஃபிளை அலமாரியில் வைத்தான், அதற்குப் பெயர் வியாதியா? இதை இருபத்தைந்து வயதிலேயே அவர் செய்திருப்பார். அதற்கென்ன, இருபத்தைந்து வயதிலும் அவர் இப்படித்தானே. ஆனால் எது பழைய ஹால்வர், எது புதியது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக எல்லாவற்றையும் ஒரே சிரிப்பில் போட்டுக் கலக்கி வைத்தாயிற்று. திங்கட்கிழமை காலை குழந்தைகள் ரோட்டோரம் பனியில் நிற்பார்கள். எந்த வாசல் என்று அவர்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே டெல்மர் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, வந்து பாரு! உம்புருஷன் ஒரே குண்டுல சாய்ச்சிட்டாரு! ஒரு குண்டூசிகூட மறக்கல, நான் சாட்சி!"

லவோன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் நின்றாள். கறியைப் பார்த்தாள், ஆரஞ்சு உறையைப் பார்த்தாள். "நல்லாச் சுட்டியா?" என்று கேட்டாள்.

டெல்மர் கண்ணால் கீழ்த்தளத்தைக் காட்டினான். ஹால்வர் நகரவில்லை.

"நல்லாத்தான் சுட்டேன். அவனோட துப்பாக்கியில. என்னோடது கீழ அலமாரியில இருக்கு லவோன். உறைய மட்டும் எடுத்துட்டுப் போயிட்டேன். அங்க போயி ஜிப்பத் திறக்கற வரைக்கும் எனக்குத் தெரியல." ஒரு வேடிக்கையும் சேர்க்காமல் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் கதை அது. "திங்கக்கிழமை சாவியக் குடுத்துர்றேன்."

டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்," என்றாள் லவோன். "காலையில உருளைக்கிழங்கு எடுக்கக் கீழ போனேன். கண்ணாடி வழியா தெரிஞ்சுது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன்." அவள் இறங்கி வந்து அவர் தோளிலிருந்து உறையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "நீ பொய் சொல்லணும்னு நாள் பூரா வேண்டிக்கிட்டிருந்தேன் ஹால்வர். சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."